பாலைவனக் குதிரை கடலூரில் தாங்குமா? லாயம் தேடும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

ராஜஸ்தானின் மார்வாரி, குஜராத்தின் கத்தியவாரி. உள்பக்கமா வளைந்த காதும் நிமிர்ந்த கழுத்துமா நிற்கும் இந்தக் குதிரைகளைப் பார்த்ததும் வாங்கிடணும்னு தோணும். கடலூர், சிதம்பரம் பக்கம் ஒன்றைக் கொண்டு வர நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது விலையைத்தான். ஆனால், அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: குதிரை எங்கே நிற்கப் போகிறது?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதற்குத் தமிழ்நாடு ஏற்கெனவே பெரிய விலை கொடுத்திருக்கிறது.

700 வருஷத்துக்கு முன்னாடி என்ன நடந்தது?

சிதம்பரத்துக்காரர்களுக்கு மாணிக்கவாசகர் கதை புதுசு இல்லை. பாண்டிய மன்னன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பணத்தைத் திருப்பெருந்துறையில் கோயில் பணிக்குச் செலவழித்துவிட்டு, கடைசியில் தில்லையில் இறைவனோடு கலந்தவர். நரி பரியான கதையும் அவரை ஒட்டியதுதான். புராணத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தாலும் ஒரு உண்மை தெரியும். கடல் கடந்து குதிரை வாங்குவது அன்றைய அரசுகளுக்குப் பெரிய செலவு.

13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்கோ போலோ, அந்தச் செலவு எங்கே போனது என்று எழுதியிருக்கிறார். ஏடன், ஹோர்முஸ் போன்ற துறைமுகங்களிலிருந்து ஆண்டுக்கு 2,000-க்கும் மேல் குதிரைகளை ஒரு அரசர் வாங்குவார். வருஷக் கடைசியில் 100 கூட மிஞ்சாது என்கிறார். பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை, குதிரைக்குச் சமைத்த அரிசியும் இறைச்சியும் போட்டார்கள் என்பது அவர் சொல்லும் காரணம். குதிரை வைத்தியர்கள் இங்கே வந்துவிடாமல் வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த வருஷமும் வியாபாரம்!

போலோ எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான். ஆண்டுக்கு 1,400 குதிரைகள், ஒன்றுக்கு 220 தங்க தினார், கடலிலேயே செத்துப் போனாலும் பணம் உண்டு என்பது ஒப்பந்தம். வந்து இறங்கியதும் வறுத்த பார்லி, வெண்ணெயில் பக்குவம் செய்த தானியம், காய்ச்சிய பசும்பால். முளை அடித்து 40 நாள் கட்டிப் போடுவார்கள். கொழுத்ததும் பயிற்சியே இல்லாமல் ஏறி விரட்டுவார்கள். கொஞ்ச நாளில் குதிரை ஒன்றுக்கும் ஆகாமல் போய்விடும்.

இன்றைய கால்நடை மருத்துவர் யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள். திடீர் தீவன மாற்றம், அசையாமல் கட்டி வைப்பது, பிறகு திடீரென்று ஓட்டம்: குதிரையைக் கெடுக்க இதைவிட நல்ல வழி இல்லை என்பார்.

வெயில் பழகிய குதிரைக்கு இங்கே என்ன கஷ்டம்?

ஜோத்பூர் வெயிலைத் தாங்கிய குதிரைக்குக் கடலூர் வெயில் எம்மாத்திரம் என்று நினைப்பது தப்பு. குதிரை மனிதரைப் போலவே வியர்த்துத்தான் உடம்பைக் குளிர்விக்கும். வறண்ட காற்றில் வியர்வை உடனே காயும். கடலோரப் புழுக்கத்தில் காயாது, சூடு உள்ளேயே தங்கிவிடும். சில குதிரைகளுக்கு நாளடைவில் வியர்ப்பதே நின்றுபோகும். உடம்பு காய்ந்திருக்கும், ஆனால் மூச்சு மட்டும் வாங்கும். இதைப் பார்த்தால் காத்திருக்கக் கூடாது, உடனே நிழல், தண்ணீர், மருத்துவர். புது இடத்துக்கு வந்த முதல் 2, 3 வாரம் வேலை வாங்காமல் விடுவதும் இதற்காகத்தான்.

எந்த மாசத்தில் கொண்டு வருவது?

புஷ்கர் சந்தை கூடுவது அக்டோபர், நவம்பரில். அங்கே வாங்கி, 2,000 கிலோமீட்டருக்கு மேல் லாரியில் வந்து இறங்கும்போது கடலூரில் வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும். பாலைவனத்தில் வளர்ந்த குளம்பு நேராகச் சேற்றில் வந்து நிற்கும். ஈரத்திலேயே நின்றால் குளம்பின் அடிப்பகுதி அழுகி நாற்றம் எடுக்கும். மழை முடிந்து ஜனவரியில் கொண்டு வருவது நல்லது. ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டி நடக்கும் சந்தையில் வாங்கினால் மழைக்கு முன் குதிரை பழகிக்கொள்ள இரண்டு மாதமாவது கிடைக்கும்.

வண்டியில் ஏற்றும் முன் பயணத்துக்குத் தகுதி, தொற்று இல்லை என்று கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும். 1978-ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிகள் இதைக் கேட்கின்றன. கிளாண்டர்ஸ் ரத்தப் பரிசோதனையை வாங்கும் முன்பே செய்துவிடுங்கள். அது மனிதருக்கும் தொற்றும் நோய். வழியில் தலையைத் தூக்கி இறுக்கிக் கட்டாமல், குனிந்து தும்ம இடம் விட வேண்டும். இல்லாவிட்டால் நுரையீரல் காய்ச்சலோடுதான் வந்து சேரும்.

லாயத்தில் என்ன பார்க்கணும்?

முதலில் மேடு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. 2024-இல் ஃபெஞ்சல் புயலின்போது தென்பெண்ணை வெள்ளம் கடலூரைச் சூழ்ந்தது. சிதம்பரம் பக்கம் கொள்ளிடம். எனவே லாயக்காரரிடம் கேட்க வேண்டியது: "போன வெள்ளத்துல இங்க தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு? குதிரைகளை எங்க கொண்டு போனீங்க?" பதில் தயங்கி வந்தால் வேறு இடம் பாருங்கள்.

அடுத்து, பக்கத்தில் மாட்டுக் கொட்டகை இருக்கிறதா? நம்ம ஊரில் இருக்கும், இல்லாமல் போகாது. சர்ரா என்ற ரத்த ஒட்டுண்ணி நோயை ரத்தம் குடிக்கும் பெரிய ஈக்கள் பரப்புகின்றன. மாடும் எருமையும் அறிகுறியே காட்டாமல் அதைச் சுமக்கும். குதிரைக்கு வந்தால் உயிருக்கே ஆபத்து. தள்ளி இருக்கும் கொட்டகை, கொசுவலை, தினமும் அள்ளிப் போகும் சாணம் இவை மூன்றும் அவசியம்.

ஒரு குதிரைக்கு சுமார் 12-க்கு 12 அடி அறை, காற்றோட்டத்துக்கு உயரமான கூரை, தினமும் நடக்கவிட இடம். 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு முறை வந்து குளம்பு சீவி லாடம் அடிக்க ஆள் யார் என்று பெயரோடு கேளுங்கள். "வருவாங்க" என்பது பதில் இல்லை.

மணல் விஷயத்தில் மட்டும் பாலைவனமும் தேவனாம்பட்டினமும் ஒன்று. தீவனத்தைத் தரையில் கொட்டினால் குதிரை மணலையும் சேர்த்து விழுங்கும், அது குடலில் தங்கி வயிற்று வலி வரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதால் சாதாரண வயிற்று வலியே உயிரை எடுக்கலாம். தொட்டியோ ரப்பர் விரிப்போ கட்டாயம்.

டெல்டா பக்கம் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதையே முழுத் தீவனமாக்க முடியாது, மழையில் பூஞ்சை பிடித்ததைக் கிட்டவே கொண்டு போகக் கூடாது. பழைய ஊரில் தின்ற தீவனத்தில் ஒரு மூட்டை கூடவே வரட்டும். புதுத் தீவனத்தை 7 முதல் 14 நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். கொள்ளும் அப்படித்தான்.

ராத்திரி 2 மணிக்கு வயிறு வலித்தால்?

லாயத்தை முடிவு செய்யும் முன் இதற்குப் பதில் தெரிய வேண்டும். கடலூருக்குப் பக்கத்தில் புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சிதம்பரத்துக்காரர்கள் தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியையும் விசாரித்து வைக்கலாம். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962. உரிமையாளர் போனை எடுக்காவிட்டாலும் மருத்துவரைக் கூப்பிட லாயத்துக்கு அனுமதி உண்டு, செலவு யாருடையது என்பதைக் கையெழுத்தோடு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

இங்கிருந்து வளைகுடாவுக்குக் கொண்டு போகலாமா?

பரங்கிப்பேட்டை, சிதம்பரம் பக்கம் வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் நிறைய. வேலை மாறும்போது குதிரையும் கூட வருமா என்று கேட்டால், லாயம் தேடுவதற்கு முன்பே நோய்த்தடுப்பு விதிகள் குறுக்கே நிற்கும். 2025 ஜூலையில்தான் மீரட்டில் ராணுவக் கால்நடை மருத்துவ மையத்தில் உள்ள வளாகம், நோயற்ற குதிரைப் பகுதியாக உலக விலங்கு சுகாதார அமைப்பின் அங்கீகாரம் பெற்றது. இந்திய விளையாட்டுக் குதிரைகள் வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் போய்வருவதற்கான ஏற்பாடு அது. கடலூரில் வீட்டுக் கொட்டகையில் வளரும் குதிரை அந்தக் கணக்கில் வராது.