மண்ணெண்ணெயில் ஓடிய கார்களும் தொண்ணூற்றிரண்டா தொண்ணூற்றைந்தா என்ற கேள்வியும்

1990களின் நடுப்பகுதியில் வன்னியில் வாகனம் வைத்திருந்த ஒருவரிடம் சென்று, "சாதாரண பெற்றோல் அடிக்கிறீர்களா, உயர்தரப் பெற்றோல் அடிக்கிறீர்களா?" என்று கேட்டிருந்தால், அவர் கேட்டவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தன் வேலையைக் கவனிக்கப் போயிருப்பார். பெற்றோல் அன்று மருந்துப் போத்தலில் அளந்து வைக்கப்பட்ட பொருள். அதில் தரம் பார்ப்பதற்கு என்ன இருந்தது?

இன்று அதே கேள்வியைப் பலர் என்னிடம் கேட்கிறார்கள். புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து விடுமுறைக்கு வருபவர்கள் கொழும்பில் ஒரு சிறிய டேர்போ காரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, மன்னார் வழியாக ஏ32 வீதியில் யாழ்ப்பாணம் போகிறார்கள். சங்குப்பிட்டிப் பாலம் 2011இல் திறக்கப்பட்ட பின்னர் அது இலகுவான பயணம். வழியில் நிறுத்தி எரிபொருள் நிரப்பும்போதுதான் ஒக்டேன் 92ஆ, 95ஆ என்ற குழப்பம் வருகிறது. பதிலை இரண்டு வரிகளில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த வீதியில் முழங்காவிலைத் தாண்டிப் பல்லவராயன்கட்டுப் பக்கம் வந்து, ஜெயபுரத்தினூடாக அக்கராயனை நோக்கித் திரும்பும் பாதையை அறிந்தவன் என்ற முறையில், அந்தப் பதிலுக்குப் பின்னால் உள்ள கதையைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

முதலில் அந்த எண் என்ன என்பதைப் பார்த்துவிடுவோம். பெற்றோலும் காற்றும் கலந்த ஆவியை எஞ்சின் நெருக்குகிறது. நெருக்கி முடியும் தறுவாயில் பிளக் தீப்பொறி கொடுக்கிறது. நெருக்கும்போது எழும் வெப்பத்தினாலும் அழுத்தத்தினாலும் எரிபொருளின் ஒரு பகுதி, தீ வந்து சேருமுன்னரே தானாக வெடித்துவிட்டால் உள்ளே சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை எழும். நம் ஊர் மெக்கானிக்குகள் இதை 'நொக்' அடிக்கிறது என்பார்கள். தொடர்ந்து நொக் அடித்தால் பிஸ்டன் பாழாகும். ஐசோஒக்டேன் என்ற திரவம் இதை நன்றாகத் தாங்கும்; அதற்கு 100 என்று எண் கொடுத்தார்கள். ஹெப்டேன் சிறிதும் தாங்காது; அதற்குச் சுழியம். ஒக்டேன் 92 என்றால், நூற்றுக்கு 92 பங்கு ஐசோஒக்டேனும் 8 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எவ்வளவு தாங்குமோ அவ்வளவு தாங்கும் பெற்றோல் என்று பொருள். எண் கூடினால் சக்தி கூடும் என்று நினைப்பது தவறு. அது பொறுமையின் அளவுதான்.

எஞ்சின் எவ்வளவு நெருக்குகிறதோ அவ்வளவு பொறுமையான எரிபொருள் வேண்டும். இந்த இடத்தில்தான் நம் பழைய கார்கள் வருகின்றன. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வாடகைக்கு ஓடிய ஒஸ்ரின் ஏ40, மொரிஸ் மைனர் போன்றவை இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் வடிவமைக்கப்பட்டவை. மொரிஸ் மைனர் 1948இல் வந்தது. அப்போது அங்கே பெற்றோல் பங்கீட்டு அட்டைக்குத்தான் கிடைத்தது. அந்தப் பங்கீடு 1950 மே மாதம் வரை நீடித்தது. பங்கீடு நீங்கிய பிறகும் 1953 தொடக்கம் வரை எல்லாக் கொம்பனிகளின் எண்ணெயையும் ஒன்றாகக் கலந்து விற்ற ஒரே தரப் பெற்றோல்தான். அதன் ஒக்டேன் எண் எழுபதை ஒட்டியது. அந்த மட்டமான பெற்றோலுக்கு ஏற்பவே எஞ்சின்களைக் குறைந்த நெருக்கத்தோடு, ஏறக்குறைய ஏழுக்கு ஒன்று என்ற அளவில், செய்தார்கள். பஞ்சத்தில் பிறந்த பிள்ளைகள் அவை. நாற்பது ஆண்டுகள் கழித்து வேறொரு பஞ்சத்தில் அதனாலேயே தாக்குப்பிடித்தன.

அந்த இரண்டாவது பஞ்சம் 1990 ஜூனில் தொடங்கியது. இரண்டாம் ஈழப்போர் வெடித்ததும் வடக்கின் மீது அரசாங்கம் பொருளாதாரத் தடை விதித்தது. பெற்றோல், டீசல், சீமெந்து, யூரியா, பற்றரி என்று நீண்டது தடைப்பட்டியல். மின்சாரமும் நின்றுபோனது. ஜாம் போத்தலில் சிறு திரியிட்ட விளக்கில் பிள்ளைகள் படித்ததையும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டதையும் அந்தத் தலைமுறை மறக்காது. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுப்படுத்திய அளவில் வந்தது. கொழும்பு விலையைப் போலப் பல மடங்கு கொடுத்து அதை வாங்கினார்கள். ஆகவே ஓடவேண்டிய எதுவும் மண்ணெண்ணெயில்தான் ஓடவேண்டும் என்றாயிற்று.

மண்ணெண்ணெயின் ஒக்டேன் எண் தொண்ணூற்றிரண்டின் பாதியைக்கூட எட்டாது. போதாததற்கு, குளிர்ந்த எஞ்சினில் அது ஆவியாகாது, ஆவியாகாவிட்டால் பற்றாது. இந்த இரண்டு குறைகளில் முதலாவதை ஒஸ்ரினின் தாழ்ந்த நெருக்கம் ஓரளவு தாங்கிக்கொண்டது. இரண்டாவதற்கு விடை நம் தோட்டங்களில் ஏற்கெனவே இருந்தது. யாழ்ப்பாணத்து விவசாயி நெடுங்காலமாகக் கிணற்றடியில் மண்ணெண்ணெய் நீரிறைப்பு இயந்திரம் வைத்திருந்தவர். சிறிதளவு பெற்றோல் விட்டு இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்பிவிடுவது அவருக்குக் கைவந்த பழக்கம். அதையே காருக்குள் கொண்டுவந்தார்கள். பின்னால் உள்ள தாங்கியில் மண்ணெண்ணெய். முன்மூடிக்குக் கீழே ஒரு சிறு போத்தலில் பெற்றோல். அதிலிருந்து ஒரு றப்பர்க் குழாய் காபரேற்றருக்கு. போத்தல் பெற்றோலில் 'ஸ்ராட்' செய்து, எஞ்சின் நன்றாகச் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அனுபவசாலிகள் வண்டியை நிறுத்துமுன் மறுபடியும் சற்று நேரம் பெற்றோலில் ஓடவிடுவார்கள். இல்லையென்றால் காபரேற்றருக்குள் மண்ணெண்ணெய் தேங்கி, அடுத்த நாள் காலை வண்டியைத் தள்ளவேண்டி வரும்.

இது நாம் மட்டும் கண்டுபிடித்த வித்தை என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. பிரித்தானியாவின் சாம்பல் நிறப் பெர்கசன் உழவு இயந்திரத்தில் 1949 முதலே இப்படி ஒரு வகை இருந்தது. பெற்றோலில் தொடங்கி, உழவுக்கென்று விற்ற மண்ணெண்ணெய் சார்ந்த எரிபொருளில் ஓடியது. ஆனால் அது அதற்கென்று தொழிற்சாலையில் செய்யப்பட்ட இயந்திரம். வன்னியில் இதைச் செய்தவர்கள் ஒரு பயணக் காரை, உதிரிப்பாகமே வராத காலத்தில், ஆண்டுக்கணக்காக அப்படி ஓட்டினார்கள். வித்தியாசம் அங்கேதான்.

1997இல் நான் அப்படியொரு ஏ40 காரில் மன்னார்ப் பக்கமிருந்து அக்கராயனுக்குப் போனேன். உயிலங்குளம் சோதனைச் சாவடியைக் கடந்த பிறகு கிடைத்த வாடகை வண்டி அது. வெண்புகையும் கண்ணெரிச்சலும் வழி நெடுகக் கூட வந்தன. மேட்டில் ஏறும்போது எஞ்சின் தட்டும். உடனே சாரதி காலைத் தளர்த்தி, கியரைக் குறைத்து, "பொறு ராசா, பொறு" என்று மாட்டுக்குச் சொல்வதுபோலச் சொல்வார். இன்றைய கார்களில் கணினி செய்கிற வேலையை அவர் காதினாலும் காலினாலும் செய்துகொண்டிருந்தார் என்பது பின்னால்தான் எனக்கு விளங்கியது.

ஜெயபுரத்தில் எஞ்சினை ஆறவிடுவதற்காக நிறுத்தினோம். 1983 இனக்கலவரத்தில் அடித்து விரட்டப்பட்ட மலையகத் தமிழ்க் குடும்பங்களை அதன் பின்னர் குடியமர்த்திய ஊர் அது. காடு வெட்டிக் குடியேறியவர்களிடம் வாகனம் ஏது? நோயாளியைக் கொண்டு போகவேண்டுமென்றால் மாட்டு வண்டி, சைக்கிள், அதிர்ஷ்டமிருந்தால் ஓர் உழவு இயந்திரம். அந்த ஊரில் ஒரு சிறு போத்தல் பெற்றோலுக்கு இருந்த பெறுமதியை ரூபாயில் சொன்னால் சரியாக வராது. இரவில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணை ஏற்றவேண்டிய நேரத்தில் மண்ணெண்ணெய்க் காரைத் தொடக்கிவிடும் அந்தச் சில துளிகளுக்காகவே வீடுகளில் அதை ஒளித்து வைத்திருந்தார்கள்.

2002 ஜனவரியில் தடை தளர்ந்தது. பெற்றோல் வந்தது. கூடவே புதிய மோட்டார் சைக்கிள்களும் வந்தன. ஒஸ்ரின்கள் மெல்ல ஓரங்கட்டப்பட்டன. அந்த நிம்மதி நான்கு ஆண்டுகள்தான். 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டது. 2008இல் ஏ32 வீதி நெடுகப் போர் வடக்கு நோக்கி நகர்ந்து, நவம்பர் 15இல் பூநகரி வீழ்ந்தது. ஜெயபுரத்து மக்களும் அந்தக் கரையோரத்து மக்களும் அதற்கு முன்னரே கிழக்கு நோக்கி நகரத் தொடங்கிவிட்டார்கள். கூரைத் தகடு, நெல் மூட்டை, முதியவர்கள் எல்லாம் உழவு இயந்திரப் பெட்டிகளில். எரிபொருள் இருந்தவரை வண்டி ஓடியது. முடிந்த இடத்தில் மூட்டைகள் தலைக்கு மாறின. 2009 மே மாதத்திற்குப் பிறகு முள்ளிவாய்க்காலில் துருப்பிடித்துக் குவிந்து கிடந்த வாகனங்களின் படங்களைப் பார்த்திருப்பீர்கள்.

அடுத்த பஞ்சம் நாடு முழுவதற்கும் பொதுவானது. 2022 ஜூன் 26ஆம் திகதி ஒக்டேன் 92 லீற்றர் 470 ரூபாவுக்கும், 95 லீற்றர் 550 ரூபாவுக்கும் உயர்ந்தன. ஜூலையில் கியூஆர் அட்டை வந்தது. வாரத்திற்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்று தொடங்கினார்கள். கொழும்பில் வரிசையில் நின்றவர்கள் உலகம் அழிந்துவிட்டதுபோல் எழுதினார்கள். வன்னியில் எனக்குத் தெரிந்த முதியவர் ஒருவர், "இப்பதானே தம்பி உங்களுக்குத் துவங்குது" என்றார். அதே ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குத் தாவியபோது அடி விழுந்தது ஜெயபுரத்திற்கு மேற்கே உள்ள கரையோரத்து மீனவர்களுக்கு. நாச்சிக்குடாவிலும் வலைப்பாட்டிலும் படகின் வெளியிணைப்பு இயந்திரங்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடுகின்றன. கியூஆர் முறை 2023 செப்டெம்பரில் நீக்கப்பட்டது.

இனி டேர்போ. வெளியேறும் புகையின் வேகத்தில் சுழலும் ஒரு விசிறி, உள்ளே போகும் காற்றை முன்கூட்டியே அமுக்கி அனுப்புகிறது. ஏற்கெனவே அமுக்கிய காற்றை எஞ்சின் மறுபடியும் நெருக்குவதால், நொக் அடிக்கும் ஆபத்து கூடுகிறது. 1962இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் நிறுவனம் ஜெட்ஃபயர் என்ற டேர்போ காரை விற்றபோது, நொக்கைத் தடுக்கத் தண்ணீரும் மெதனோலும் கலந்த திரவத்தை எஞ்சினுக்குள் பீச்சும் தனித் தாங்கி ஒன்றை வைத்தார்கள். வாங்கியவர்கள் அதை நிரப்ப மறந்தார்கள்; கார் அடுத்த ஆண்டோடு நின்றுபோனது. (இலங்கை அரசாங்கம் ஷெல், எஸ்ஸோ, கல்டெக்ஸ் கொம்பனிகளின் சொத்துகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியதும் அதே 1962இல்தான். அதன் விளைவாக அமெரிக்க உதவி நிறுத்தப்பட்ட கதை தனிப் பதிவுக்குரியது.)

இன்றைய டேர்போ எஞ்சினில் நொக்கைக் கேட்கும் உணரி இருக்கிறது. தட்டல் கேட்டவுடன் கணினி தீப்பொறியைச் சற்றுப் பிந்தச் செய்கிறது, காற்றழுத்தத்தையும் குறைக்கிறது. எஞ்சின் பிழைக்கிறது, இழுவை குறைந்து எரிபொருள் செலவு கூடுகிறது. ஆகவே எந்த எண் தேவை என்பது கார் எந்த நாட்டுப் பெற்றோலுக்காகச் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்தது. ஜப்பானில் சாதாரண பெற்றோலுக்கு வேண்டிய குறைந்தபட்ச ஒக்டேன் 89. அங்கே சாதாரண பெற்றோலுக்கென்று செய்த சிறிய டேர்போ கார்களுக்கு நம்முடைய 92 தாராளம். 95 அடிப்பது வீண்செலவு. ஐரோப்பாவில் சாதாரணமே 95. ஜேர்மன், பிரெஞ்சு டேர்போக்களின் எரிபொருள் மூடிக்குள் 95 என்று எழுதியிருந்தால் அதற்குக் கீழே இறங்காதீர்கள்.

கனடாவிலிருந்து வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஊர்ப் பம்பில் உள்ள 87 என்ற எண்ணையும் இங்குள்ள 92ஐயும் ஒப்பிட்டு, இலங்கையில் சாதாரண பெற்றோலே உயர்தரம் என்று எண்ணவேண்டாம். அங்கே இரண்டு விதச் சோதனைகளின் சராசரியை எழுதுகிறார்கள். இங்கே அவற்றில் கூடுதலாக வரும் ஒன்றை மட்டும். உங்கள் 87 ஏறத்தாழ எங்கள் 91 அல்லது 92தான். உங்கள் 91 எங்கள் 95ஐ ஒட்டியது.

ஒக்டேன் 95 எல்லா எரிபொருள் நிலையங்களிலும் கிடைப்பதில்லை. உங்கள் வண்டிக்கு அது வேண்டுமென்றால், மன்னாரிலிருந்து புறப்படுமுன் தாங்கியை நிரப்பிக்கொள்ளுங்கள். பாதி வழியில் 92 மட்டுமே கிடைத்தால், பாதித் தாங்கி 95 இருக்கும்போதே அதோடு கலந்து நிரப்பலாம். இரண்டுக்கும் நடுவிலான ஓர் எண் வரும். அதன் பிறகு யாழ்ப்பாணம் போய்ச் சேரும்வரை காலைச் சற்று மெதுவாக வைத்து ஓட்டுங்கள்.