அவிச்ச உருளைக்கிழங்கை விடக் கொஞ்சம்தான் ருசி இருக்கணும்!

"சாக்லேட் எனர்ஜிதானே டாக்டர்?"னு பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கிறவங்களுக்காக ஒரு ராணுவக் கதை.

1937. அமெரிக்க ராணுவ கேப்டன் பால் லோகன், ஹெர்ஷி கம்பெனியிடம் சிப்பாய்களுக்கு ஒரு சாக்லேட் கட்டி செய்து தரச் சொல்கிறார். எடை 4 அவுன்ஸ், அதாவது சுமார் 113 கிராம். கலோரி நிறைய வேணும். வெயிலில் உருகக் கூடாது. கடைசி நிபந்தனைதான் வேடிக்கை: ருசி, அவிச்ச உருளைக்கிழங்கை விடக் கொஞ்சம்தான் மேலாக இருக்கணும்!

ஏன்? ருசியா இருந்தா பசிக்கும் முன்பே தின்று தீர்த்துடுவாங்க. இது சோறு கிடைக்காத ஆபத்து நேரத்துக்கானது.

சர்க்கரையைக் குறைச்சு, ஓட்ஸ் மாவு சேர்த்தாங்க. பெரிபெரி வராமலிருக்க வைட்டமின் பி1-ம் சேர்ந்தது. ஒரு கட்டி 600 கலோரி. கசப்பு, கல்லு மாதிரி கெட்டி. இரண்டாம் உலகப்போரில் பலர் தூக்கியே எறிஞ்சாங்க.

நம்ம கடை மில்க் சாக்லேட்? 100 கிராமில் சுமார் 530 கலோரி, ஏறக்குறைய பாதி சர்க்கரை. ருசிக்குத்தான் கட்டுப்பாடே கிடையாதே! மூணு வேளையும் சாப்பிட்டு டிவி முன்னாடி உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு அது எதுக்கு?

எப்பவாவது ரெண்டு துண்டு, தாராளமா கொடுங்க. ஆனா பிள்ளை அடிக்கடி சோர்ந்து போறான்னா சாக்லேட்டை நீட்டாதீங்க. ரத்தசோகையா இருக்கலாம். பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் ஹீமோகுளோபின் பாருங்க.