கலிலியோவும் சறுக்கிய கணக்கு



முதலில் ஒரு கேள்வி. குருண் நிலையத்திலிருந்து ஒரு கொமூட்டர் ரயில் அலோர் ஸ்டார் பக்கம் கிளம்புகிறது. நின்ற நிலையிலிருந்து சீரான முடுக்கத்தோடு ஓடி, 400 மீட்டரைத் தொடும்போது அதன் வேகம் வினாடிக்கு 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் 200 மீட்டரைத் தொட்டபோது வேகம் எவ்வளவு?

"10" என்று மனசுக்குள் சொல்லிட்டீங்களா? பாதி தூரம், பாதி வேகம். கேட்க நியாயமாகத்தான் இருக்கு. ஆனால் தப்பு. வெட்கப்பட வேண்டாம், இந்தத் தப்புக்கு வயது 400-க்கு மேல்.

1604-ஆம் ஆண்டு அக்டோபரில் கலிலியோ தம் நண்பர் பாவோலோ சார்ப்பிக்கு ஒரு கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு 40 வயது. இத்தாலியின் படுவா பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். விழும் பொருள் கடக்கும் தூரம், நேரத்தின் வர்க்கத்திற்கு ஏற்பக் கூடுகிறது என்று அதில் சரியாகவே சொன்னார். காரணம் சொல்லும்போதுதான் சறுக்கினார். பொருளின் வேகம் அது கடந்த தூரத்திற்கு ஏற்பக் கூடுகிறது என்று எழுதிவிட்டார்.

இது ஏன் சரிவராது? யோசித்துப் பாருங்கள். வேகம் தூரத்தைப் பொறுத்தது என்றால், கிளம்பும் இடத்தில் தூரம் பூஜ்யம். ஆகவே வேகமும் பூஜ்யம். வேகம் இல்லாவிட்டால் தூரம் கூடாது. தூரம் கூடாவிட்டால் வேகமும் கூடாது. நம்ம ரயில் குருண் நிலையத்தை விட்டு நகரவே நகராது!

பிறகு கலிலியோ தம்மைத் திருத்திக்கொண்டார். சீரான முடுக்கத்தில் வேகம் நேரத்திற்கு ஏற்பக் கூடுகிறது. 1638-இல் லெய்டன் நகரில் அச்சான அவருடைய நூலில் இதுவே இலக்கணம். அப்போது அவர் வீட்டுக்காவலில் இருந்தார், கண்பார்வையும் போயிருந்தது.

இனி ரயிலுக்கு வருவோம். நின்ற நிலையிலிருந்து 20-க்கு ஏறியதால் சராசரி வேகம் 10. 400 மீட்டரை 10-ஆல் வகுத்தால் 40 வினாடி. முடுக்கம் 20 ÷ 40, அதாவது ஒவ்வொரு வினாடியும் வேகம் 0.5 கூடுகிறது. பாதி நேரத்தில், அதாவது 20-ஆவது வினாடியில், வேகம் 10. ஆனால் அப்போது ரயில் வந்து சேர்ந்த தூரம் 100 மீட்டர்தான். மீதி 20 வினாடியில் 300 மீட்டர் ஓடிவிடுகிறது. ஆக, 200 மீட்டரில் வேகம் எவ்வளவு? வேகத்தின் வர்க்கம் = 2 × 0.5 × 200 = 200. விடை, வினாடிக்குச் சுமார் 14.1 மீட்டர்.

மேலே பயன்படுத்திய "சராசரி வேகம்" கலிலியோ கண்டுபிடித்ததல்ல. 1335-இல் ஆக்ஸ்போர்டு மெர்டன் கல்லூரியைச் சேர்ந்த வில்லியம் ஹெய்ட்ஸ்பரி இதை விதியாக எழுதிவைத்தார். சீராக வேகம் கூடும் பொருள், அதன் நடு வேகத்தில் ஒரே சீராக ஓடியிருந்தால் எவ்வளவு தூரம் போகுமோ, அதே தூரம்தான் போகும். அதே நூற்றாண்டில் பாரிஸில் இருந்த நிக்கோல் ஒரெம் இதைப் படமாக வரைந்து காட்டினார். முக்கோணத்தின் பரப்பும், பாதி உயரமுள்ள செவ்வகத்தின் பரப்பும் ஒன்றே. படிவம் 4-இல் நீங்கள் வரையும் வேக-நேர வரைபடத்தின் கீழ்ப்பரப்பு இதன் வாரிசுதான்.

கலிலியோ இதைச் சோதித்தும் பார்த்தார். நேரே விழும் பொருளை அளக்க முடியாத வேகம். ஆகவே மரச்சட்டத்தில் பள்ளம் செதுக்கி, சட்டத்தைச் சற்றே சாய்த்து வெண்கலக் குண்டை உருட்டினார. நேரம் காட்ட, ஒரு பாத்திரத்திலிருந்து மெல்லிய நீர்த்தாரை. குண்டு ஓடும் நேரத்தில் சேர்ந்த தண்ணீரை நிறுத்துப் பார்த்தார். சட்டத்தின் கால்வாசி நீளத்திற்கு மட்டும் உருட்டினால் பாதி நேரம்தான் ஆனது. நம்ம ஆய்வுக்கூடத்து டிக்கர் டைமர் 0.02 வினாடிக்கு ஒரு புள்ளி வைக்கிறது. புள்ளி நாடாவைச் சம நேரத் துண்டுகளாக வெட்டி ஒட்டுங்கள். நின்ற நிலையிலிருந்து கிளம்பியதென்றால் நீளங்கள் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் வரவேண்டும். ரயிலிலும் அப்படியே: பத்துப் பத்து வினாடிக்கு 25, 75, 125, 175 மீட்டர். கூட்டிப் பாருங்கள், 400!

மாணவர்களே, நான்கு சூத்திரம் என்று பயப்படாதீர்கள். இரண்டு போதும்:

இறுதி வேகம் = தொடக்க வேகம் + முடுக்கம் × நேரம்.
தூரம் = இரண்டு வேகங்களின் சராசரி × நேரம்.

மற்ற இரண்டும் இவற்றிலிருந்து பிறப்பவை. முடுக்கம் மாறினால் (ரயில் வேகமெடுக்கிறது, சீராக ஓடுகிறது, பிரேக் போடுகிறது) ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகப் பிரித்துச் செய்யுங்கள். முழுப் பயணத்திற்கும் ஒரே சூத்திரத்தைப் போட்டால் புள்ளி போய்விடும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு அறிவியலில் "வேகம்" படித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் "லாஜு", "ஹலாஜு", "பெச்சுத்தான்" என்று கேட்டதும் இது ஏதோ புதுப் பாடம் என்று ஒதுங்கிவிடுகிறது. பெச்சுத்தான் என்பது முடுக்கம்தான். இலங்கைத் தமிழர் அதையே ஆர்முடுகல் என்பார்கள். சொல்தான் மாறுகிறது, முக்கோணம் மாறவில்லை. தோட்டத்துச் சரிவில் மிதிக்காமல் சைக்கிள் விட்ட பிள்ளைக்கு முடுக்கம் ஏற்கெனவே தெரியும். அங்கிருந்தே தொடங்குங்கள்.

அடுத்த முறை ஒரு பிள்ளை "10" என்று எழுதினால், உடனே சிவப்பு மையால் அடித்துவிடாதீர்கள். "பாதி தூரமா, பாதி நேரமா?" என்று மட்டும் கேளுங்கள். கலிலியோ தம்மைத் திருத்திக்கொண்டதும் அந்தக் கேள்வியில்தான்.