எக்ஸ்பயர் (ஆங்கில வினைச்சொல்)

எக்ஸ்பயர் என்பது மூச்சை வெளிவிடுதல், இறத்தல், குறித்த காலம் முடிதல் ஆகிய மூன்று பொருள்களில் வழங்கும் ஆங்கில வினைச்சொல். மாத்திரை அட்டையில் 'எக்ஸ்பைரி' தேதியைத் தேடிப் பழகியவர்களுக்கு மூன்றாவது பொருளே முதலில் தோன்றும். சொல்லின் வேரோ மூச்சில் இருக்கிறது.

இலத்தீனில் 'ஸ்பிராரே' என்றால் மூச்சுவிடுதல். 'எக்ஸ்' என்ற முன்னொட்டுக்கு வெளியே என்று பொருள். இரண்டும் சேர்ந்தபோது, எக்ஸ் ஒலியிலேயே ஒரு 'ஸ்' அடங்கியிருப்பதால் அடுத்து வரும் 'ஸ்' எழுத்தில் விடுபட்டது. இன்ஸ்பயர், பெர்ஸ்பயர் ஆகிய சொற்களில் வெளிப்படையாகத் தெரியும் வேர் இதில் மறைந்திருப்பது இதனால்தான். ஆவியைக் குறிக்கும் 'ஸ்பிரிட்' என்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது.

கடைசி மூச்சை விடுதல், அதாவது இறத்தல், என்ற பொருள் இலத்தீனிலேயே ஏற்பட்டுவிட்டது. வுல்காத்தா எனப்படும் இலத்தீன் விவிலியத்தில், மாற்கு, லூக்கா நற்செய்திகள் இயேசுவின் இறப்பை இச்சொல்லால் குறிக்கின்றன. 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில மொழிபெயர்ப்பு அவ்விடங்களில் இதைக் கையாளாமல், 'ஆவியை விட்டார்' என்று பொருள்படும் தொடரை அமைத்தது.

பழைய பிரெஞ்சு வழியாக இச்சொல் ஏறத்தாழ 1400இல் ஆங்கிலத்துக்கு வந்தது. வந்தபோது அதற்கு இறத்தல் என்பதே பொருள். 15ஆம் நூற்றாண்டில் சட்டம், ஒப்பந்தம் போன்றவற்றின் காலம் முடிவதற்கும் வழங்கலாயிற்று. மூச்சை வெளிவிடுதல் என்ற வேர்ப்பொருள் ஆங்கிலத்தில் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் காணப்படுகிறது. மூத்த பொருள் கடைசியாக வந்து சேர்ந்தது விந்தைதான்.

இன்றைய பிரித்தானியப் பேச்சில் ஒருவர் இறந்ததை இச்சொல்லால் சொன்னால் பழமையாகவோ வேடிக்கையாகவோ ஒலிக்கும். இந்திய ஆங்கிலத்தில் அப்படியில்லை. 'எக்ஸ்பயர் ஆயிட்டார்' என்று தமிழ்ப் பேச்சிலும் மரியாதையோடுதான் சொல்கிறோம்.

தமிழிலும் உயிர்த்தல் என்றால் மூச்சுவிடுதல் என்ற பொருள் உண்டு. நெட்டுயிர்ப்பு என்பது பெருமூச்சு. ஆனால் தவணை முடிவைச் சொல்ல நாம் மூச்சை நாடவில்லை. 'காலாவதி' என்பது காலம், அவதி (எல்லை) ஆகிய வடசொற்களின் சேர்க்கை.

மருத்துவ நூல்களை மொழிபெயர்ப்போர் இவ்வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நுரையீரல் ஆய்வில் 'எக்ஸ்பயர்ட் ஏர்' என்பது வெளிவிட்ட மூச்சுக்காற்று. 'காலாவதியான காற்று' என்று எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும். சுற்றுக் காற்றில் உயிர்வளி சுமார் 21 விழுக்காடு என்றால், வெளிவிடும் காற்றில் சுமார் 16 விழுக்காடு எஞ்சியிருக்கிறது. மூச்சு நின்ற ஒருவரை வாயோடு வாய் வைத்து ஊதிக் காப்பாற்ற அது போதும் என்பதை ஜேம்ஸ் ஈலம், பீட்டர் சஃபார் ஆகிய மருத்துவர்கள் 1950களில் ஆய்வுகளால் காட்டினர். அம்முறைக்கு ஆங்கிலத்தில் வழங்கிய பெயர்களுள் ஒன்று 'எக்ஸ்பயர்ட் ஏர் ரிசசிடேஷன்'.