டெங்குத் தொற்றின் நரம்பியல் சிக்கல்கள்

டெங்கு வைரசுத் தொற்றினால் மூளை, முள்ளந்தண்டு வடம், நரம்புகள், தசைகள் ஆகியவற்றில் ஏற்படும் பாதிப்புகள் டெங்குவின் நரம்பியல் சிக்கல்கள் எனப்படும். உலக சுகாதார நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டு வகைப்பாட்டில், உணர்வுநிலை குன்றுதல் கடுமையான டெங்குவின் அடையாளங்களுள் ஒன்று.

காரணங்கள்

வைரசு மூளைக்குள் நேரடியாகப் புகுந்தால் மூளையழற்சி உண்டாகும். அதிர்ச்சிநிலை, ஈரல் செயலிழப்பு, இரத்தத்தில் சோடியம் குறைதல் ஆகியவை மூளையின் இயக்கத்தைக் குலைக்கும். குருதிச் சிறுதட்டுகள் குறைவதாலும் இரத்தம் உறையாமையாலும் மண்டையோட்டினுள் குருதிக்கசிவு நேரலாம். காய்ச்சல் தணிந்த பின், உடலின் எதிர்ப்பாற்றலே நரம்புகளைத் தாக்குவதால் கியாங்-பாரே நோய், முள்ளந்தண்டு வட அழற்சி போன்றவை தோன்றுவதுண்டு.

இலங்கையில்

இலங்கையில் டெங்குத் தொற்று 1962இல் ஆய்வுகூட முறையில் உறுதியானது. 2017இல் 1,86,000க்கும் மேற்பட்டோர் நோயாளராகப் பதிவாகினர். சிறுமூளை பாதிக்கப்பட்டு, தள்ளாடும் நடையும் குழறும் பேச்சும் கொண்ட நோயாளர் பற்றி இலங்கை மருத்துவர்கள் 2014இல் எழுதினர். அந்தப் பாதிப்பு தானாகவே நீங்கியது.

தர்மபுரமும் சூழலும்

பரந்தன்–முல்லைத்தீவு வீதியிலுள்ள கிளிநொச்சி மாவட்டத்துத் தர்மபுரம் போன்ற வன்னிக் கிராமங்களில் நுளம்பு பெருகும் இருவகை நீர் உண்டு. மாரி மழையில் சிரட்டை, டயர், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றில் தேங்கும் நீரில் டெங்கு நுளம்பு பெருகும். வயல்நீரில் பெருகும் வேறொரு நுளம்பு யப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பும். இரண்டு வைரசுகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. குருதிப் பரிசோதனையில் ஒன்றுக்கான எதிர்ப்பொருள் மற்றதற்கானதுபோலத் தோன்றக்கூடும். ஆதலால், காய்ச்சலுடன் வலிப்பு வந்தவரிடம் இரண்டையும் தேட வேண்டும்.

கண்டறிதலும் சிகிச்சையும்

வைரசின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 பரிசோதனை, எதிர்ப்பொருள் பரிசோதனை, சிடி அல்லது எம்ஆர்ஐ படம் ஆகியவை உதவும். சிறுதட்டுகள் மிகக் குறைந்திருக்கையில் முள்ளந்தண்டு நீர் எடுப்பதைத் தள்ளிவைப்பர். டெங்குவுக்கெனத் தனி மருந்து கிடையாது. நீர்ச்சமநிலை, சோடியம், மூச்சு ஆகியவற்றைக் காத்தலும் வலிப்பை அடக்குதலுமே சிகிச்சை. கியாங்-பாரே நோய்க்கு இம்யூனோகுளோபுலின் ஏற்றுவர். அஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் ஆகியவை குருதிக்கசிவைக் கூட்டக்கூடியவை என்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

வீட்டார் கவனத்துக்கு

டெங்குவின் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதே தொடங்குகிறது. அந்நேரத்தில் பிள்ளை அளவுக்கு மிஞ்சித் தூங்குவதைக் களைப்பென்று விட்டுவிடக் கூடாது. எழுப்பினாலும் தெளியாமை, உளறல், வலிப்பு, கைகால் சோர்வு ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.