ஆமா, இல்லையா? ஒரு விளையாட்டின் வரலாறு



சென்னையில் வேலை பார்க்கும் மாணவர் ஒருவர் போன வாரம் தொலைபேசியில் கேட்டார்: "சார், வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்ல ஒருத்தரை மனசுல நினைச்சுக்கிட்டு, ஆமா, இல்லன்னு மட்டும் பதில் சொல்லி விளையாடுவோமே, அது நீங்களே கண்டுபிடிச்சதா?" இல்லை தம்பி. ஆசிரியர் பயிற்சியில் படிக்கும்போது எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நான் அதை நைனார்பாளையம் பக்கம் கொண்டுவந்தேன், அவ்வளவுதான். ஆனால் அதன் கதை இருநூறு ஆண்டுக் கதை. தொலைபேசியில் சொல்லி முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். சற்று நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒன்று. இது நம் விடுகதை அல்ல. விடுகதை நமக்கு மிகப் பழையது. தொல்காப்பியர் அதைப் 'பிசி' என்ற பெயரில் செய்யுளியலில் இலக்கிய வகைகளில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறார். விடுகதையில் போடுகிறவர் குறிப்பைக் கொடுத்துவிடுகிறார்; கேட்கிறவர் அதை அவிழ்க்க வேண்டும். இந்த விளையாட்டில் போடுகிறவர் வாயே திறப்பதில்லை. குறிப்பை எல்லாம் கேட்கிறவர்தான் தேடிச் சேர்க்க வேண்டும். நம் ஊரில் இதற்கு நெருங்கிய ஒன்று உண்டென்றால் அது கோயிலில் பூப் போட்டுப் பார்ப்பது. வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியாக இலையில் மடித்துப் போட்டு, ஒரு குழந்தையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். அதுவும் ஆமா, இல்லை கேள்விதான். ஆனால் சாமியிடம் ஒரு கேள்விதான் கேட்கலாம். இருபது கேட்டால் பூசாரி எழுந்து போய்விடுவார்.

இருபது கேள்வி என்ற கணக்கு இங்கிலாந்தில் பெரிய மனிதர்களின் விருந்துகளில் தொடங்கியது. ஜார்ஜ் கேனிங் அங்கே வெளியுறவு அமைச்சராக இருந்தவர், பிறகு பிரதமரும் ஆனார். 1820களில் அவர் கொடுத்த விருந்தில் இந்த விளையாட்டு நடந்ததை, அப்போது லண்டனில் அமெரிக்கத் தூதராக இருந்த ரிச்சர்ட் ரஷ் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அன்று நினைத்த பொருள் அரண்மனை அதிகாரி ஒருவர் விழாவில் ஏந்தும் கோல். கேனிங் கேட்டுக் கேட்டு அதைப் பிடித்துவிட்டார். ஒரு பேரரசின் வெளியுறவைப் பார்த்துக்கொண்டவர் சாப்பாட்டு மேசையில் ஒரு குச்சியைத் தேடிக்கொண்டிருந்தார் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

பொருளில் இருந்து ஆளுக்கு, அதுவும் கதையில் வரும் ஆளுக்கு, இந்த விளையாட்டு வந்த இடம் சார்லஸ் டிக்கன்ஸ் 1843இல் எழுதிய 'எ கிறிஸ்துமஸ் கேரல்' என்ற குறுநாவல். ஸ்க்ரூஜ் என்ற கஞ்சக் கிழவரின் கதை அது. அவருடைய தங்கை மகன் வீட்டில் பண்டிகை நாளில் 'ஆம், இல்லை' என்ற விளையாட்டு ஆடுகிறார்கள். மருமகன் ஒன்றை நினைத்துக்கொள்கிறான். உயிருள்ளதா? ஆம். விலங்கா? ஆம். பிடிக்காத விலங்கா? ஆம். உறுமுமா? உறுமும். லண்டனில் இருக்கிறதா? ஆம், தெருவிலும் நடக்கும். மிருகக்காட்சி சாலையில் இருப்பதா? இல்லை. குதிரையா, கழுதையா, மாடா, புலியா, நாயா, பன்றியா, கரடியா? இல்லை, இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் மருமகன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். கடைசியில் ஒரு பெண் கண்டுபிடிக்கிறாள்: "உங்கள் மாமா ஸ்க்ரூஜ்!" மாமாவோ யார் கண்ணுக்கும் தெரியாமல் ஆவியோடு அங்கேயே நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார். தன்னைப் பற்றி ஊர் என்ன நினைக்கிறது என்பதை ஆமாவும் இல்லையுமாகக் கேட்க நேர்ந்த மனிதர் அவர். இந்த விளையாட்டைப் பற்றி இதைவிட நல்ல காட்சி எந்த இலக்கியத்திலும் நான் படித்ததில்லை.

ஹங்கேரிக்காரர்கள் இதை 'பார்கோக்பா' என்கிறார்கள். கி.பி. 132 முதல் 135 வரை ரோமர்களை எதிர்த்துப் போராடிய யூதத் தலைவரின் பெயர் அது. அவருடைய ஒற்றன் ஒருவனை எதிரிகள் பிடித்து, நாக்கையும் கைகளையும் வெட்டி அனுப்பிவிட்டார்களாம். பேசவும் முடியாது, எழுதவும் முடியாது. தலைவர் கேள்வி கேட்கக் கேட்க, அவன் தலையை மட்டும் ஆட்டி எதிரி முகாமின் செய்தி முழுவதையும் சொல்லி முடித்தானாம். கதைதான், வரலாறு அல்ல. ஆனாலும் விளையாட்டின் உயிர் அதில் இருக்கிறது. தலையை ஆட்ட மட்டுமே முடிந்தவனிடமிருந்து எவ்வளவு தெரிந்துகொள்ள முடியும்?

நிறையவே முடியும் என்பது கணக்கு. ஒவ்வொரு கேள்வியும் மீதமுள்ள கூட்டத்தைச் சரிபாதியாக வெட்டினால் 10 கேள்வியில் 1,024 பேரில் ஒருவரைப் பிடிக்கலாம். 20 கேள்வியில் 10,48,576 பேரில் ஒருவரைப் பிடிக்கலாம். ஒரு ஆமா அல்லது இல்லையின் மதிப்பைத்தான் 1948இல் கிளாட் ஷானன் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் தன் தகவல் கோட்பாட்டில் 'பிட்' என்ற அளவாக வைத்தார். இன்று உங்கள் கைபேசியில் ஓடும் எல்லாமே அந்தப் பிட்டுகள்தான். எம்.ஜி.ஆரா, சிவாஜியா என்று எடுத்தவுடன் பெயரைக் கேட்காதீர்கள், ஆணா என்று கேளுங்கள், பாதிக் கூட்டம் போய்விடும் என்று வகுப்பில் நான் கத்தியதற்குக் காரணம் இதுதான்.

செடி கொடிகளை அடையாளம் காண்பவர்களும் இதே வழியில்தான் போகிறார்கள். 1778இல் பிரான்சில் லாமார்க் இந்த முறையைப் பரப்பினார். இலை எதிரெதிரா, மாறி மாறியா? பூ தனியா, கொத்தா? இப்படி இரண்டிரண்டு வழியாகப் பிரிந்து போனால் கடைசியில் செடியின் பெயர் நிற்கும். திருச்சி தூய வளனார் கல்லூரியில் இருந்த கே.எம். மாத்யூ பாதிரியார் நம் கல்வராயன் மலை உட்பட பல மலைகளின் தாவரங்களைத் தொகுத்து 1980களில் பெரிய நூல் வரிசையே வெளியிட்டார். மலைக்குப் போகிற பிள்ளைகள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

விளையாட்டுக்குத் திரும்புவோம். 1946இல் அமெரிக்க வானொலியிலும் 1947இல் பி.பி.சி.யிலும் இது நிகழ்ச்சியானது. பி.பி.சி.யில் 1976 வரை ஓடியது. விடையை ஒரு குரல் வீட்டில் கேட்பவர்களுக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடும். அரங்கில் இருப்பவர்கள் திணறுவதைக் கேட்டு ஊரே ரசிக்கும். நம் பக்கத்தில் 2000களின் தொடக்கத்தில் கைரளி தொலைக்காட்சியில் ஜி.எஸ். பிரதீப் 'அசுவமேதம்' நடத்தினார். வந்தவர் மனதில் ஒரு பிரபலத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். அவர் கேள்வி கேட்டே பிடித்துவிடுவார். மலையாளம் தெரியாதவர்கள்கூட வாய் பிளந்து பார்த்தார்கள். 2007இல் பிரான்சில் 'அகினேட்டர்' என்ற இணைய விளையாட்டு வந்தது. தலைப்பாகை கட்டிய பூதம் ஒன்று, உண்மை மனிதரோ கதாபாத்திரமோ, நீங்கள் நினைத்தவரைக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடிக்கும். அந்தப் பூதத்துக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்காதீர்கள். ஆடியவர்கள் சொன்ன பதில்களைச் சேர்த்து வைத்துத்தான் அது கற்றுக்கொள்கிறது. தோற்றுவிட்டால், யாரை நினைத்தாய் என்று நம்மிடமே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளும்.

இங்கேதான் ஒரு வரலாற்று ஆசிரியனுக்குத் தலைவலி தொடங்குகிறது. "கதாபாத்திரமா, உண்மையில் வாழ்ந்தவரா?" பார்க்க எளிய கேள்வி. கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய 'பொன்னியின் செல்வ'னை எடுத்துக்கொள்ளுங்கள். நந்தினி கற்பனை. பூங்குழலி கற்பனை. ஆழ்வார்க்கடியான் கற்பனை. வந்தியத்தேவன்? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையின் கணவராகப் பெயர் இருக்கிறது. ஆனால் நாம் மனதில் நினைப்பது குதிரை மேல் வந்து குறும்பு பேசும் கல்கியின் வந்தியத்தேவனை அல்லவா? கட்டபொம்மனும் இப்படித்தான். 1799இல் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டவர் உண்மை மனிதர். வகுப்பில் பையன்கள் நினைத்ததோ 1959இல் வந்த படத்தின் சிவாஜியை. "மீசையை முறுக்கி வசனம் பேசினாரா?" என்று கேட்டால் எல்லோரும் ஒரே குரலில் ஆமா என்பார்கள்.

நம் மாவட்டத்துக்காரர் ஒருவரை நினைத்துப் பாருங்கள், இன்னும் சிக்கல். கூவாகம் கூத்தாண்டவர், அதாவது அரவான். அர்ச்சுனனுக்கும் நாக கன்னி உலூபிக்கும் பிறந்தவர். இவரை நினைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள் பார்ப்போம்.

போர்க்களத்தில் எதிரி கையால் இறந்தவரா? வியாசரைக் கேட்டால் ஆமா. எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்ற அரக்கன் கொன்றான். கூவாகத்தில் கேட்டால் இல்லை; பாண்டவர் வெற்றிக்காகத் தன்னையே களப்பலி கொடுத்தவர். இந்தக் களப்பலி 9ஆம் நூற்றாண்டுப் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே இருக்கிறது, ஆகவே நேற்றுக் கட்டிய கதை என்று தள்ளவும் முடியாது. மணமானவரா? ஆமா, ஒரு நாளைக்கு. சாகப்போகிறவருக்கு யாரும் பெண் கொடுக்காததால் கண்ணனே மோகினியாக வந்து மணந்தார். மனைவி பெண்ணா? இதற்கு என்ன சொல்வீர்கள்? ஒவ்வொரு சித்திரையிலும் நாடெங்கும் இருந்து திருநங்கையர் வந்து அவருக்காகத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் தாலி அறுத்து, வெள்ளைச் சேலை உடுத்தி அழுகிறார்களே, அந்த அழுகை ஒரு கற்பனைப் பாத்திரத்துக்காகவா?

வியாசரைப் படித்தவர்கள் மட்டும் அந்தப் பூதத்துக்குப் பதில் சொல்லியிருந்தால், அது அறிந்திருக்கும் அரவான் வியாசரின் அரவான். நம் ஊர்க் கூத்தைப் பார்த்தவர்கள் யாரும் அதனிடம் விளையாடவில்லை என்றால் கூவாகத்து அரவான் அதற்கு இல்லவே இல்லை.

பேத்தியிடம் சொல்லி அரவானை நினைத்து ஆடச் சொன்னேன். அதில் ஆம், இல்லை மட்டும் அல்ல. தெரியாது, இருக்கலாம், இருக்காது என்றும் பொத்தான்கள் உண்டு. நம் இரண்டு விரலுக்கு ஐந்து வழி கொடுத்திருக்கிறார்கள். நாலைந்து கேள்வி போனது. பிறகு, உங்கள் பாத்திரம் இறந்துவிட்டதா என்று வந்தது. "தாத்தா, எதை அமுக்கறது?" என்றாள். பலியான பிறகும் பதினெட்டு நாள் போரையும் பார்க்க வேண்டும் என்று வரம் வாங்கி, வெட்டிய தலை கண் திறந்து பார்த்துக்கொண்டிருந்த கதையை அவளுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லி முடிக்கும்போது திரை அணைந்திருந்தது. கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. கூத்துப் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள் எதை அமுக்குவீர்கள் என்று எழுதுங்கள்.