நேர்கோடு போதாது: பறப்புநேர உணரிகளின் அளவுத்திருத்தம் குறித்து

ஒளித்துடிப்பு ஒன்றை அனுப்பி, அது பொருளின் மீது பட்டுத் திரும்ப ஆகும் நேரத்தைக் கொண்டு தொலைவைக் கணிப்பவை டைம்-ஆஃப்-ஃபிளைட் உணரிகள். தமிழில் பறப்புநேர உணரிகள் எனலாம். ஒளி ஒரு நானோநொடியில் ஏறத்தாழ 30 செ.மீ. செல்கிறது. போய்வரும் பாதை இருமடங்கு என்பதால், ஒரு மில்லிமீட்டர் தொலைவு வேறுபாடு உணரிக்கு வெறும் 6.67 பிக்கோநொடிதான். இத்தனை நுண்ணிய நேரத்தைக் கையாளும் சிப்பு பிழையே இல்லாமல் வரும் என யாரும் எதிர்பார்ப்பதில்லை. திருத்தம் தேவை என்பதில் கருத்து வேறுபாடும் இல்லை. வேறுபாடு முறையில்தான். வெள்ளைச் சுவரின் முன் உணரியை வைத்து, அளவுநாடாவால் குறித்த சில தொலைவுகளில் அளவெடுத்து, ஒரு நேர்கோட்டைப் பொருத்தி, அதன் சாய்வையும் வெட்டுத்துண்டையும் நிரலில் எழுதிவிடுவது இன்று பரவலாக உள்ள வழக்கம். பிழைகளுக்குக் காரணம் தொலைவு மட்டுமே என்று இம்முறை எடுத்துக்கொள்கிறது. அந்த எடுகோளே தவறு என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

எஸ்டி மைக்ரோ எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் விஎல்53எல்0எக்ஸ் சிப்பை எடுத்துக்கொள்வோம். 940 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர், ஒற்றை ஃபோட்டானையும் பதிவுசெய்யும் டையோடுகளின் அணி, சுமார் 25 பாகைப் பார்வைக் கூம்பு, 2 மீட்டர் வரை எல்லை. இதில் மூன்று வகைப் பிழைகள் கலந்து வருகின்றன. முதலாவது, எல்லாத் தொலைவிலும் ஒரே அளவாக நிற்கும் நிலைப்பிழை. பலகையில் சிப்பைப் பற்றவைப்பதும் மேலே கண்ணாடி மூடி பொருத்துவதும்கூட இதை மாற்றிவிடும். இரண்டாவது, ஃபோட்டான் எண்ணிக்கையின் ஏற்ற இறக்கத்தால் வரும் சிதறல். மூன்றாவதுதான் சிக்கலானது. லேசர் ஒளியில் ஒரு சிறு பங்கு, வெளியே போகாமல் மூடியிலேயே பட்டு உணரிக்குத் திரும்பிவிடுகிறது. பொறியாளர்கள் கிராஸ்டாக் என்பார்கள். இங்கே கசிவொளி என்று குறிப்பிடுகிறேன். அது வந்த தொலைவு கிட்டத்தட்டப் பூஜ்யம். ஆகவே, உண்மையான ஒளியோடு கலக்கும்போது சராசரியைத் தன் பக்கம் இழுத்து, தொலைவைக் குறைத்துக் காட்டுகிறது.

இந்த இழுப்பு எவ்வளவு என்பதை ஓர் எளிய மாதிரியால் கணக்கிடலாம். 1 மீட்டரில் உள்ள வெள்ளைச் சுவரிலிருந்து வரும் ஒளியில் 20-இல் ஒரு பங்கு கசிவொளி என்று வைத்துக்கொள்வோம். நிலைப்பிழை சிறிதும் இல்லை. கூம்பை முழுதும் நிரப்பும் சுவரிலிருந்து திரும்பும் ஒளி, தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது, கசிவொளியோ மாறுவதில்லை. எனவே 0.5 மீட்டரில் உணரி 494 மி.மீ. காட்டும், 1 மீட்டரில் 952, 2 மீட்டரில் 1667. 20 செ.மீ. முதல் 1 மீட்டர் வரை 20 செ.மீ. இடைவெளியில் ஐந்து புள்ளிகளுக்கு நேர்கோடு பொருத்தினால் சாய்வு 0.942, வெட்டுத்துண்டு 17.5 மி.மீ. திருத்திய பின் ஐந்து புள்ளிகளும் 8 மி.மீ.க்குள் அடங்கிவிடும், பார்ப்பவருக்குத் திருப்தியே. ஆனால் இல்லாத நிலைப்பிழை ஒன்று 17.5 மி.மீ. என்று நிரலில் குடியேறிவிட்டது. அதோடு, வெள்ளைச் சுவர் இருந்த இடத்தில் சாம்பல் நிறத் துணி வந்தால் என்ன ஆகும்? எதிரொளிப்புத் திறன் 88 விழுக்காட்டிலிருந்து 17 விழுக்காடாக இறங்கினால், அதே 1 மீட்டரில் உணரி 794 மி.மீ. காட்டும், நேர்கோடு அதை 825 ஆக்கும். 17 செ.மீ.க்கும் மேலான பிழை! தொலைவு மாறவில்லை, துணிதான் மாறியது. நேர்கோட்டுக்குப் பதில் பல்லுறுப்புக் கோவையைப் பொருத்தினாலும் இதற்கு விடை கிடைக்காது. அதற்கும் தொலைவு ஒன்றுதானே உள்ளீடு.

பல அளவுகளை எடுத்துச் சராசரி கண்டால் போதாதா என்பது முதல் மறுப்பு. நூறு அளவுகளின் சராசரி சிதறலைப் பத்தில் ஒன்றாக்கும், உண்மைதான். முனை தேய்ந்த அடிக்கோலால் நூறு முறை அளந்தாலும் தேய்ந்த பகுதி திரும்பி வராது, கசிவொளியும் அப்படித்தான். தொழிற்சாலையிலேயே திருத்தித்தானே அனுப்புகிறார்கள் என்பது இரண்டாவது மறுப்பு. தொழிற்சாலைக்கு நம் மூடியின் தடிப்பும் தெரியாது, மூடிக்கும் சிப்புக்கும் உள்ள இடைவெளியும் தெரியாது. அதனால்தான் உற்பத்தியாளரே படிப்படியான நடைமுறையைத் தருகிறார்: முதலில் டையோடு தேர்வு, பிறகு வெப்பநிலைத் திருத்தம், அதன்பின் இருளில் 88 விழுக்காடு வெள்ளை அட்டையை 100 மி.மீ.யில் வைத்து நிலைப்பிழை, கடைசியாக 17 விழுக்காடு சாம்பல் அட்டையைக் கொண்டு கசிவொளி. ஒன்றன் காரணம் மற்றொன்றில் கலந்துவிடாதிருக்கவே இரண்டு அட்டைகள், இரண்டு தொலைவுகள். மூன்றாவது மறுப்பு வலுவானது: ஃபோட்டான்களை வந்த நேரப்படி வகைபிரிக்கும் புதிய சிப்புகள் கசிவொளியைத் தாமே ஒதுக்குகின்றனவே? தொலைவிலுள்ள பொருளுக்கு இதை ஒப்புக்கொள்ளலாம். மிக அருகிலுள்ள பொருளின் ஒளியோ கசிவொளியுடன் ஒரே நேரப்பெட்டியில் விழும். அங்கே சிக்கல் அப்படியே நிற்கிறது.

சோதனை இலக்கின் அளவையும் பலர் கவனிப்பதில்லை. 25 பாகைக் கூம்பு 1 மீட்டரில் 44 செ.மீ. விட்டமாக விரிகிறது. ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ.தான், 47 செ.மீ.க்கு அப்பால் உணரி தாளோடு பின்னாலுள்ள சுவரையும் சேர்த்தே அளக்கிறது. வெப்பநிலை 8 பாகை செல்சியசுக்கு மேல் மாறினால் வெப்பநிலைத் திருத்தத்தை மறுபடி செய்யவேண்டும் என்பதும் உற்பத்தியாளர் ஆவணத்தில் உள்ளதே. காலையில் செய்த திருத்தம் வெயிலில் நிற்கும் கருவிக்கு நண்பகல் வரை செல்லும் என்று நம்ப இடமில்லை.

மாற்று வழி கடினமானதன்று. இச்சிப்பு ஒவ்வோர் அளவோடும் திரும்பிய ஒளியின் வலிமையையும் தருகிறது. கசிவொளியை ஒருமுறை அளந்துவைத்தால், காட்டிய தொலைவை மொத்த வலிமையால் பெருக்கி, கசிவொளி நீங்கிய வலிமையால் வகுத்து உண்மைத் தொலைவைப் பெறலாம். மேலே சொன்ன சாம்பல் துணியின் 794 மி.மீ. அப்படியே 1000 ஆகிவிடும். மூடியில் தூசி படிந்தால் கசிவொளியும் கூடும் என்பதால் அதை அவ்வப்போது மீண்டும் அளக்கவேண்டும். இவ்வுணரிகளைக் கொண்டு ஆய்வு முடிவுகளை வெளியிடுவோர், தொலைவோடு ஒளி வலிமை, மூடி, இலக்கின் எதிரொளிப்புத் திறன், வெப்பநிலை ஆகியவற்றையும் குறித்து வெளியிடவேண்டும்.